கங்காணியாரின் தலைப்பாவும் ஆறு ஜன்னல்களும்

வீடு நன்றாக அமைந்துவிட்டால் சொந்தக்காரர் பேர் வரும், சுவர் எழுப்பிய மேசன் பாஸ் பேர் வரும், மரம் அறுத்துக் கொடுத்தவன் பேர்கூட வரும். வீட்டுக்குப் படம், அதாவது பிளான், போட்டவன் பேரை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரே ஒரு ஜன்னல் கோணலாகட்டும், அப்போது பாருங்கள். "இந்தப் படத்தைப் போட்ட மகராசன் எவன்?" என்று ஊரே கேட்கும். அந்த மகராசனாக நான் ஒருமுறை இருந்திருக்கிறேன். ஒரு ஜன்னல் இல்லை, ஆறு ஜன்னல். கூடவே ஒரு சமையல்கட்டு, ஒரு புகைக்கூண்டு. சுருக்கமாகச் சொன்னால் ஒரு முழு வீடு.

இது பதுளைக்கு ரயில் வருவதற்கு முந்திய கதை. பண்டாரவளைவரை வந்து வருடக்கணக்காக மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ரயில், இதோ கிளம்பிவிட்டது, அதோ வருகிறது என்று பேச்சு எழுந்ததும் ஊருக்கே ஒரு காய்ச்சல் பிடித்தது. வீடு கட்டும் காய்ச்சல். கடை வைத்திருந்தவர்கள் மாடி எடுத்தார்கள். மாடி வைத்திருந்தவர்கள் அதற்கு முன்னால் மரக்கம்பி போட்டு முகப்பு இழுத்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணிமார் எல்லாம் டவுனில் ஆளுக்கொரு துண்டு நிலம் வாங்கிப் போட்டார்கள். எங்கே பார்த்தாலும் மணல், செங்கல், சுண்ணாம்பு. எனக்கு அப்போது இருபத்தியொரு வயது. ஈரச் சுண்ணாம்பு வாசனை மூக்கில் பட்டாலே உடம்பெல்லாம் துடிக்கும். (இப்போது பட்டால் இருமல் வருகிறது. அது வேறு விஷயம்.)

நான் வேலை பார்த்த இடம் கடைவீதியில், ஒரு கொத்தமல்லி மிளகாய்க் கடைக்கு மேல்மாடி. வாசலில் 'சுலைமான் அன் கம்பெனி, வீட்டுப் படம் போடுபவர்கள்' என்று பலகை தொங்கும். அதில் சுலைமான் என்பது முதலாளி. அன் கம்பெனி என்பது நான். கீழே மிளகாய் புடைக்கும் நேரங்களில் சுலைமானும் கம்பெனியும் சேர்ந்து தும்முவோம். ஊரில் எங்களுக்குப் பேர் 'பிளான் கந்தோர்', அதாவது பிளான் ஆபீஸ்.

முதலாளி அதற்கு முன்பு ரோட்டு வேலையில் ஓவர்சியராக இருந்தவர். அவர் போட்ட வீடுகள் பார்வைக்கு அப்படியொன்றும் அழகில்லை. பிஸ்கட் பெட்டிக்குக் கூரை போட்ட மாதிரி இருக்கும். ஆனால் பதுளை முழுக்க அவருக்கு ஒரு பேர் இருந்தது. அவர் போட்ட வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான். எங்கள் ஊர் மழையையும் மேட்டையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒருவன் கூரைத் தண்ணீர் இன்னொருவன் சுவரில் விழும். ஒருவன் அடுப்புப் புகை இன்னொருவன் தொட்டிலுக்குப் போகும். ஒருவன் ஜன்னல் இன்னொருவன் கொல்லைக்குள் எட்டிப் பார்க்கும், அதோடு இரண்டு குடும்பமும் மூன்று தலைமுறைக்குப் பேசாது. முதலாளி வீட்டில் இந்த மூன்றும் நடக்காது. அதனால்தான் எங்களுக்கு வேலை வந்தது. வேறு எதனாலும் இல்லை.

எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, நேர்கோடு போடக் கற்று, காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டவன். காதில் பென்சில் செருகாமல் கோயிலுக்குக்கூடப் போகமாட்டேன். என் அப்பாவுக்குத்தான் என் மேல் நம்பிக்கை இல்லை. அவர் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. "காயிதத்துல வீடு வரைஞ்சா அதுல யாரு குடியிருப்பா? ஒரு வருசம் பாரு வேலாயுதம். ஒத்து வரலேன்னா பேசாம வந்து பெரட்டுக்களத்துல பேர் கூப்புடு" என்று சொல்லியிருந்தார். விடியற்காலைப் பனியில், வெட்டவெளியில் நின்று, முந்நூறு பேரை வரிசையாகப் பேர் கூப்பிடும் வேலை. நினைத்தாலே எனக்குத் தொண்டை கட்டும். அந்த ஒரு வருடம் முடிய நாலைந்து மாதம் இருந்த நேரத்தில்தான் பெரிய கங்காணி ராமசாமி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார்.

அவர் வந்தார் என்பதைவிட அவருடைய தலைப்பா வந்தது, பின்னால் அவர் வந்தார் என்று சொல்வதுதான் சரி. ஆளே ஆறடி. தலைப்பா அதற்கு மேலே. ஸ்பிரிங்வெளிக்கு அடுத்த தோட்டத்தில் பெரிய கங்காணி. ஓடைக்கரையில் நிலம் வாங்கியிருந்தார்.

"துரை பங்களா மாதிரி வேணாங்க முதலாளி. ஆனா துரை பாத்தா ஒரு நிமிசம் நின்னு பாக்கணும்" என்றார்.

நிலம் இப்படி. தெருவில் நின்று பார்த்தால் இடப்பக்கம் ஓடை, பாக்கு மரங்கள், நல்ல காற்று. வலப்பக்கம் ஜவுளிக்கடை மஜீது நானாவின் வீடு. நானா வீட்டுப் பெண்கள் புழங்கும் பின்முற்றம் எல்லையை ஒட்டியே இருந்தது. முதலாளி ஒரு வாரம் யோசித்துப் படம் போட்டார். ஜன்னல் ஆறும் ஓடைப் பக்கம். சமையல்கட்டும் புகைக்கூண்டும் ஓடைப் பக்கம். மஜீது நானா பக்கம் ஊசி நுழையாத முழுச்சுவர். படத்தை, அந்தப் பக்கம் தெரியும் மெல்லிய மெழுகுத் துணியில் மையால் தீட்டி முடித்த மறுநாள், மொனராகலையில் ஒரு ஸ்டோர் கட்டும் வேலைக்கு அவர் போக வேண்டியதாயிற்று.

போகும்போது சொன்னார். "நீலப் படம் ஒண்டு எடுத்து மேசன் சைமன் பாஸ்ட கையில குடு. அதுல நீ செய்ய ஒண்டும் இல்ல. எல்லாம் வெயில் செய்யும்."

நீலப் படம் எடுப்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருந்து தடவிய தாளை ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, அதன் மேல் மெழுகுத் துணிப் படத்தை விரித்து, வெயிலில் காட்ட வேண்டும். பிறகு தாளை எடுத்துத் தண்ணீரில் அலசினால் தாள் முழுக்க நீலமாகும், கோடுகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். கடைவீதிக்கு இது ஒரு வேடிக்கை. நான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாலே கூட்டம் கூடிவிடும். மிளகாய்க்கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பார். அந்தக் கூட்டத்துக்கு நடுவே நிற்கும்போது நான் என்னை ஒரு அரை மந்திரவாதி என்றே நினைத்துக்கொள்வேன்.

வெயில் செய்யும் என்றார் முதலாளி. வெயிலைத்தான் காணோம். மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள், பத்து நாள், பதினைந்து நாள். கங்காணியார் அடிக்கல் நடுவதற்கு நாள் குறித்துவிட்டார். பூசையில் நீலப் படத்தை மஞ்சள் தடவி வைக்காமல் ஒரு கல்லும் இறங்காது என்று சொல்லிவிட்டார். குறித்த நாளும் வந்தது. பதினொரு மணிக்குள் நல்ல நேரம். எட்டரை மணிக்கும் வானம் கறுத்துக் கிடந்தது. கங்காணியாரின் மாட்டு வண்டி கடை வாசலில் வந்து நின்றது. அவர் வண்டிக்குள் இருந்தபடி மேலே என்னைப் பார்த்தார். நான் மேலே வானத்தைப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு மேகம் விலகியது. கடைவீதி முழுக்கப் பளீரென்று வெயில் விழுந்தது. "தம்பி, வெயிலு" என்று நாலு பக்கமிருந்தும் சத்தம். நான் மாடிப்படியில் இறங்கினேனா குதித்தேனா தெரியாது. சட்டத்தைத் திறந்தேன். தாளைப் போட்டேன். மெழுகுத் துணியை எடுத்து உதறி விரித்தேன். கண்ணாடியை மூடி வெயிலுக்கு ஏந்தினேன். இவ்வளவும் மூன்று மூச்சுக்குள். அந்த மெழுகுத் துணி இருக்கிறதே, அது பாவி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். மைப் பக்கம் மேலே இருக்க வேண்டும். நான் கவிழ்த்துப் போட்டேன்.

அது எனக்குத் தெரியாது. சுற்றியிருந்த நாற்பது பேருக்கும் தெரியாது. அலசியதும் நீலத்தில் வெள்ளைக் கோடுகள் மெல்ல எழுந்து வந்தன. கூட்டம் 'அடடா' என்றது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்து நான் ஒரு பார்வை பார்க்கும் முன்பே கங்காணியார் வண்டியிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வண்டி பறந்தது. நல்ல நேரத்துக்குள் கல் இறங்கியது. நான் அன்று இரண்டு தரம் சோறு சாப்பிட்டேன்.

வீடு வளர ஆரம்பித்தது. முதலாளி மொனராகலையில் வேலையோடு காய்ச்சலையும் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் அங்கேயே கிடந்துவிட்டார். நான்தான் மேற்பார்வை. தெருப்பக்கம் மணலும் செங்கலும் குவிந்து கிடந்ததால் ஓடைக்கரை வழியாகப் பின்பக்கமாகவே போவேன். பின்பக்கம் நின்று பார்ப்பேன். ஜன்னல்கள் எல்லாம் என் இடப்பக்கம். முதலாளி போட்ட படத்திலும் இடப்பக்கம்தானே? சரியாக இருக்கிறது. ஆறு இருக்கிறதா? ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ஆறு இருக்கிறது. ரொம்ப சரி. ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஓடையில் கால் நனைத்துத்தான் தினம் வருவேன். வேலையாட்கள் பார்வை வீட்டுக்குள் விழாதபடி மஜீது நானா எல்லை நெடுகச் சாக்குப் படுதா கட்டியிருந்தார். அந்தப் படுதாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நினைக்கவும் எனக்கு நேரமில்லை. சுவர் எழும்புகிற சந்தோசத்திலேயே நான் இருந்தேன்.

சைமன் பாஸ் நீலப் படத்தைத் தன் கொட்டகைக்குள் ஆணி அடித்து வைத்திருந்தார். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. (என் படம் எனக்குத் தெரியாதா?) இடையில் கங்காணியார் ஒருநாள் அதைக் கழற்றிக்கொண்டு போய்த் துரையிடம் காட்டியிருக்கிறார். திரும்பி வந்து என் தோளில் தட்டினார்.

"துரை பாத்தாரு தம்பி. இப்புடிப் பாத்தாரு, அப்புடிப் பாத்தாரு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. அப்பறம் சிரிச்சாரு பாருங்க, விழுந்து விழுந்து சிரிச்சாரு. இருவது வருசமா அந்த மனுசன் சிரிச்சு நான் பாத்ததில்ல."

துரையையே சந்தோசத்தில் சிரிக்க வைத்துவிட்டோம் என்று நான் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். நிஜமாகவே எழுதினேன்.

வீடு முடிந்தது. பால் காய்ச்சப் பத்து நாள் இருந்தது. ஜன்னல் கதவுகள் பொருத்திய அன்று கங்காணியார் தன் மனைவியையும் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேரையும் வண்டி கட்டி அழைத்து வந்தார். வேலை முடிந்துவிட்டதே என்று மஜீது நானா அன்று காலைதான் சாக்குப் படுதாவை அவிழ்த்திருந்தார். நான் காலருக்குப் புதுப் பொத்தான் போட்டு வந்திருந்தேன். நடுக்கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்து ஒரு பிரசங்கம் செய்தேன்.

"அம்மா, இப்ப இந்த ஜன்னலைத் திறப்பேன். ஓடைச் சத்தம் காதுல விழும். பாக்குமரக் காத்து மொகத்துல அடிக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

திறந்தேன்.

ஆறடி தூரத்தில் மஜீது நானாவின் மனைவி ஜெய்னம்பு ராத்தா பலகையில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க எண்ணெய், கூந்தல் விரிந்து கிடந்தது. ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை, மறு கையில் கருப்பட்டித் துண்டு. துண்டு வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுச் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் ஜன்னலைச் சாத்த வேண்டும். நான் "வணக்கம்" என்றேன். அதற்குப் பிறகுதான் சாத்தினேன். சரி, அதோடு விட்டேனா? எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, அடுத்த ஜன்னலில் ஓடை இருக்கும் என்று தோன்றியது. ஓடிப்போய் இரண்டாவதைத் திறந்தேன். அதே ராத்தா. இப்போது முக்காட்டை இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதையும் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி, இன்னும் ஜன்னல் ஈக்கிதா, இல்லாட்டி முடிஞ்சிச்சா?"

"இன்னும் மூணு இருக்குங்க ராத்தா" என்றேன். கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள்.

சைமன் பாஸின் கொட்டகைக்கு ஓடி நீலப் படத்தைப் பிடுங்கிப் பார்த்தபோதுதான் எல்லாம் விளங்கியது. இடம் வலமாக, வலம் இடமாக. எழுதியிருந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பின்பக்கம் திரும்பி நின்றது.

"பாஸ், இந்த எழுத்தைப் பாத்தா உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"தோணிச்சி மாத்தையா. எனக்கு இங்கிலீஷ் வராது. ரயில் வாரதுதானே, இது புது இங்கிலீஷ்னு நெனச்சேன்."

அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. படத்துக்கும் சுவருக்கும் இம்மி பிசகு இல்லை.

சாயங்காலத்துக்குள் கடைவீதி முழுக்கச் செய்தி. வீட்டுக்கு 'எடக்கை வீடு' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆட்கள் சாரிசாரியாக வந்து தெருவில் நின்று, ஓடையைப் பார்த்து, முழுச்சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்தார்கள். மறுநாள் காலை இரண்டு பேர் மாடி ஏறி வந்து, எங்களிடம் போடக் கொடுத்திருந்த தங்கள் வீட்டுப் படங்களைத் திருப்பிக் கேட்டார்கள். "பக்கத்து வீட்டோட எங்களுக்கு இப்ப நல்ல பழக்கம். அதக் கெடுத்துக்க ஏலாது" என்றார் ஒருவர். முதலாளி பத்து வருடமாகச் சேர்த்த பேர், நான் ஒரு துணியைக் கவிழ்த்ததில் போய்க்கொண்டிருந்தது. ஸ்பிரிங்வெளியிலிருந்து அப்பா ஆள் அனுப்பி ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டார்: "பேர் கூப்புடுற செக்ரோல் மேசை காலியா இருக்கு." அழுதுவிட்டேன். மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்று மத்தியானமே முதலாளி கம்பளியைப் போர்த்திக்கொண்டு மொனராகலையிலிருந்து வந்து சேர்ந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நீலப் படத்தை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இங்கால இருந்து பாத்தா எல்லாம் சரியா ஈக்கி" என்றார். "என்ன செய்ய, வீட்ட இப்பிடித் தூக்கிப் பிடிக்க ஏலாதே. சட்டையப் போடு. மஜீது வீட்டுக்குப் போவம்."

மஜீது நானாவின் முன்னறையில் கங்காணியார் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நானா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்கதவுத் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ராத்தா அங்கே நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி பேசினார். "பிழ எங்கட பக்கம். ஆறு ஜன்னலையும் செங்கல் வச்சு அடச்சுத் தாரேன்."

"அடச்சா வீடு இருட்டாப் போயிருமே முதலாளி" என்றார் கங்காணியார். "நான் அதுல பால் காய்ச்சவா, கருவாடு அடுக்கவா?"

"அப்ப ஓடைப் பக்கம் வெட்டித் திறக்கலாமே" என்றார் நானா.

சைமன் பாஸை ஏற்கெனவே கேட்டுவிட்டோம். கூரைப் பாரம் முழுக்க அந்தச் சுவரில் உட்கார்ந்துவிட்டது. ஒரு ஓட்டை தாங்கும், ஆறு தாங்காது என்று சொல்லியிருந்தார். எனக்குக் காதுக்குள் பெரட்டு மணி அடித்தது.

"எங்கட முத்தத்துல நாங்க எப்பிடி இருக்கிற?" என்று நானா மெதுவாகக் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அப்போது திரை பேசியது. "வெளிச்சம் வந்தா எங்களுக்கு என்ன? வெளிச்சத்துக்குக் கண்ணு இல்லதானே. கண்ணு வாரதுதான் வேணாம். ஜன்னல மேல தூக்கச் செல்லுங்க."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவ்வளவு மேல?"

"அந்த வீட்டுலயே ஒசரமான ஆள் நடந்தாலும் எங்கட கண்ணுக்குத் தெரியாத அளவு. நான் நின்று பாத்துச் செல்லுறேன்."

அந்த வீட்டில் யார் உயரம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருடைய கண்ணும் தலைப்பாவுக்குப் போயிற்று.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. பழைய ஜன்னல்களைக் கழற்றி, கூரை முகட்டை ஒட்டி நீளவாக்கில் திறப்பு விட்டுக் கீழே செங்கல் கட்டிக்கொண்டு வந்தார் சைமன் பாஸ். செங்கல் சுமந்தது நான். (அன் கம்பெனிக்கு அன்று அதுதான் வேலை.) முற்றத்தில் கதவிடுக்கில் ராத்தா. பக்கத்தில் சேதி சொல்ல மஜீது நானா. வீட்டுக்குள் கங்காணியார், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, துரை முன்னால் நடக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

"தெரியிது" என்றார் நானா வெளியிலிருந்து.

ஒரு வரிசை கட்டினார் பாஸ். கங்காணியார் நடந்தார்.

"இன்னும் தலைப்பா தெரியிது."

"ஐயா, தலைப்பாவை மட்டும் கொஞ்ச நேரம் கழட்டி வச்சா..." என்று நான் ஆரம்பித்தேன்.

கங்காணியார் நின்றார். "துரைக்கே கழட்டாதவன் நான். சன்னலுக்குக் கழட்டுவேனா? கல்லை வைங்க."

வைத்தோம். இன்னொரு வரிசை. இன்னொன்று. மத்தியானம் வந்துவிட்டது. தெருவில் பாதிக் கடைவீதி நின்று வரிசை எண்ணியது. 'தெரியிது' என்று நானா சொல்லும்போதெல்லாம் வெளியே ஒரு பெருமூச்சு எழும். கடைசியில் கங்காணியார் மூன்று தரம் நடந்தும் முற்றத்திலிருந்து சத்தம் வரவில்லை. சைமன் பாஸ் கரண்டியைக் கீழே வைத்தார்.

"முடிஞ்சிச்சா நானா?" என்று முதலாளி கேட்டார்.

மஜீது நானா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவ கேக்குறா... ஒருக்காத் துள்ளிப் பாக்கச் செல்லட்டாம்."

அறுபது வயதுப் பெரிய கங்காணி. முந்நூறு ஆள் அவர் ஒரு சொல்லுக்கு மலையேறும். அவரிடம் போய்க் குதியுங்கள் என்று யார் சொல்வது? முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். கங்காணியார் முகம் சிவந்தது. மீசை துடித்தது. ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவிதான் சொன்னார், "குதிச்சுத்தான் காட்டுங்களேன். அக்கம்பக்கத்துல நல்லபடியா இருக்கணும்ல."

கங்காணியார் குதித்தார். தலைப்பா கூரையை நோக்கி ஒரு சாண் எழும்பி இறங்கியது.

"தெரிஞ்சிச்சு" என்றார் நானா. தெருவில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு தோட்டத்தில் ஆட்கள் குடியிருக்கும் லயம்வரை கேட்டிருக்கும். முதலில் சிரிக்காமல் இருந்த கங்காணியாரும் கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சைமன் பாஸ் இன்னொரு வரிசை கட்டினார். அதற்குப் பிறகு குதித்தும் தெரியவில்லை.

அன்று பின்னேரம் வெயில் அந்த ஆறு திறப்புகள் வழியாக நுழைந்து எதிர்ச்சுவர் முழுக்க மஞ்சளாகப் படிந்ததை நான் பார்த்தேன். யாருடைய முற்றத்தையும் தொடாமல் வெளிச்சம் மட்டும் மேலே இருந்து இறங்கி வந்தது. நான் அதுவரை பார்த்த வீடுகளில் அதுதான் அழகான வீடு. அதில் என் பங்கு என்று எதுவும் இல்லை, நாசம் செய்ததைத் தவிர. ஆனாலும் என் மனசு அப்படிக் குதித்தது.

சமையல்கட்டு ஒன்றுதான் பாக்கி. ஓடைப் பக்கம் ஒரே ஒரு ஓட்டை வெட்டி அங்கே அடுப்பை மாற்றினோம். பழைய சமையல்கட்டு, புகைக்கூண்டோடு கங்காணியாரின் படுக்கையறை ஆயிற்று. இதற்கு என்ன சொல்வாரோ என்று நான் ஒளிந்து நின்றேன். அவர் புகைக்கூண்டுக்குக் கீழே நின்று மேலே பார்த்தார்.

"துரை பங்களாவுலதான் படுக்குற ரூம்ல நெருப்பு வைப்பாங்க" என்றார். "தம்பி, இத முன்னாடியே யோசிச்சுப் போட்டீங்களா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

பால் காய்ச்சிய அன்று ராத்தா வீட்டிலிருந்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய இனிப்பு வட்டிலப்பம் வந்தது. அடுத்த மாதத்துக்குள் நானாவின் சொந்தக்காரர்கள் நாலு குடும்பம் எங்கள் மாடிப்படி ஏறி, "அந்தத் தலைப்பா ஜன்னல் எங்களுக்கும் வேணும்" என்றார்கள். படத்தைத் திருப்பி வாங்கிப் போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நான் பெரட்டுக்களத்துக்குப் போகவில்லை. ஆனால் தண்டனை இல்லாமல் தப்பவும் இல்லை.

"இனி நீலப் படம் எடுக்கிறது நான்" என்றார் முதலாளி. "நீ கோடு போட முந்தி பக்கத்து வீட்டுல போய் இரு. அவங்க தார தேத்தண்ணியக் குடி. அவங்க எங்க இருக்காங்க, எங்க துணி காயப்போடுறாங்க, எந்தப் பக்கம் பாக்கிறாங்க, எல்லாத்தையும் பாத்துட்டு வா. அதுக்குப் பொறகு பென்சிலத் தொடு."

ஒரு மாதத்துக்கு என்று நினைத்தேன். ரயில் வந்தது, ரயில் பழசாயிற்று, முதலாளிக்கு நரைத்தது, பலகையில் என் பேரும் ஏறியது. நான் இன்னும் பக்கத்து வீடுகளில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பதுளையில் நான் தேத்தண்ணி குடிக்காத பக்கத்து வீடு கிடையாது. யார் வீட்டுக் கோழி யார் வேலி தாண்டும், எந்தச் சம்பந்திகள் பேசிக்கொள்வதில்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி.

என் மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என் மனைவிதான் அழைத்துப் போனாள். நான் வழக்கம்போல வேலையில் இருந்தேன். வாத்தியார் பையனையே கேட்டிருக்கிறார்.

"அப்பாவுக்கு என்ன வேலை?"

"பக்கத்து வீட்டுல போய் உக்காந்திருப்பாரு சார்."

"எந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு?"

"எல்லா வீட்டுக்கும் சார்."

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்திருக்கிறார். அவள் மறுக்கவில்லை. அன்றிலிருந்து யார் வாசலுக்கு வந்து என்னை விசாரித்தாலும் அவள் சொல்வது இது ஒன்றுதான்: "அவுக பக்கத்து வீட்டுல இருக்காக. எந்தப் பக்கத்து வீடுன்னு மட்டும் என்னயக் கேக்காதீங்க."